ஆண்மை என்னும் கல்மரம்

திண்டிவனத்திற்குத் தெற்கே, வானூர் வட்டத்திலே, சங்கராபரணி ஆற்றங்கரையில் அமைந்த ஊர் திருவக்கரை. ஊர்ப்புறத்திலே பருத்த மரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. கண்ணுக்கு மரம், கைக்குக் கல்! பட்டையின் கீறலும் உள்வரியும் அப்படியே இருக்கின்றன. கோடரியை ஓங்கினாலோ கோடரிதான் உடையும். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வெள்ளம் அடித்துவந்து மணலிலே புதைத்த மரங்கள் அவை. மரப்பொருள் இருந்த இடமெல்லாம் மணற்சத்து ஊறி இறுகிக் கல்லாயிற்று. 1940ஆம் ஆண்டு முதல் அவ்விடம் தேசியக் கல்மரப் பூங்காவாகக் காக்கப்படுகிறது.

அங்கே கிடப்பதைக் காணும் ஒருவர், "இது என்றும் கல்லாகவே இருந்தது" என்று கூறினால் அறிவுடையோர் நகைப்பர். ஒரு காலத்தில் வளர்ந்தது, ஒரு காலத்தில் வீழ்ந்தது, ஒரு காலத்தில் இறுகியது என்று ஆய்வாளர் அதன் வரலாற்றைக் கூறிடுவர். சமுதாயத்திலும் அத்தகைய கல்மரம் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் 'ஆண்மை'. அது இயற்கை என்பார்கள். இறைவன் வகுத்தது என்பார்கள். இரத்தத்திலே ஊறியது என்பார்கள். வளர்ந்த காலமும் இறுகிய காலமும் அதற்கும் உண்டு என்பதையும், அதன் தடங்கள் இதே வட்டாரத்துக் கற்களிலே காணக்கிடக்கின்றன என்பதையும் எடுத்துக்காட்டவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலிலே சொல்லைப் பார்ப்போம். ஆண்மை என்றால் ஆணின் தன்மை என்பதோடு தமிழ் நின்றுவிடவில்லை. வீரமும் ஆண்மை, ஆளும் தன்மையும் ஆண்மை, ஊக்கமும் ஆண்மை, உறுதியும் ஆண்மை! முயற்சிக்குத் தாளாண்மை, ஈகைக்கு வேளாண்மை, பகைவனுக்கும் இரங்கும் பெருந்தன்மைக்கு ஊராண்மை. 'ஆள்' என்னும் சொல்லினின்று பிறந்தவை இவற்றுட் பல என்று சொல்லாய்வார் விளக்கம் தரலாம். தரட்டும். ஆளுதலும் ஆணாயிருத்தலும் ஒரே ஒலியில் கலந்துவிட்ட மொழியிலே வளரும் சிறுவன், ஆளப் பிறந்தவன் தான் என்றும், ஆளப்படப் பிறந்தவள் தன் தங்கை என்றும் எண்ணிக்கொள்ள, அந்த ஒலி ஒன்றே போதாதா? 1928ஆம் ஆண்டு 'குடி அரசு' ஏட்டிலே பெரியார் இந்தச் சொல்லையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். பெண்ணின் இழிவு இந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது, ஆண்மை என்னும் இக்கருத்து ஒழியாதவரை பெண்ணுக்கு விடுதலை இல்லை என்பது அவர் வாதம். அன்று அது பலருக்கு அதிர்ச்சி தந்தது. ஆனால் இலக்கியத்தையும் கல்வெட்டையும் புரட்டுவோர்க்கு அது அதிர்ச்சியன்று, ஆராய்ச்சி முடிவு.

தொல்காப்பியம் தலைவனுக்குப் பெருமையையும் உரனையும் உரிமையாக்குகிறது; தலைவிக்கு அச்சம், நாண், மடன் ஆகிய மூன்றையும் முந்துறுத்துகிறது. உரன் என்றால் வலிமையும் அறிவும். மடன் என்றால் அறிந்தும் அறியாதது போன்றிருத்தல். ஒருவனுக்கு அறிவு அழகு; ஒருத்திக்கு அறியாமை அழகு! அகத்திணைக்கு வகுத்த இலக்கணம்தானே என்று கூறித் தப்பிவிடல் இயலாது. காதலிலே வகுத்தது வீட்டிலே வந்தது. வீட்டிலே வந்தது வீதியிலே சட்டமாயிற்று.

அடுத்து, புறநானூறு. வீரத்தாயரின் பெருமை பேசாத தமிழ் மேடை உண்டோ? காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதியவள், மகன் புறமுதுகிட்டான் என்ற பழிச்சொல் கேட்டு, அது உண்மையாயின் பாலூட்டிய மார்பையே அறுத்தெறிவேன் எனச் சூளுரைத்துப் போர்க்களம் புகுகிறாள், பிணங்களைப் புரட்டுகிறாள், சிதைந்து கிடந்த மகன் உடலைக் கண்டு, ஈன்ற நாளினும் பெரிதாக மகிழ்கிறாள். ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் மங்கையோ, முன்னைய போர்களில் உற்றாரை இழந்தும், எஞ்சிய ஒரே மகனுக்குத் தலைவாரி, வேல் தந்து அனுப்புகிறாள். பொன்முடியார் கடமைகளைப் பட்டியலிடுகிறார்: தாய்க்கு ஒரு கடன், தந்தைக்கு ஒரு கடன், கொல்லனுக்கு ஒரு கடன், வேந்தனுக்கு ஒரு கடன், மகனுக்கு ஒரு கடன்.

தோழர்களே, பட்டியலை மீண்டும் ஒருமுறை பாருங்கள். மகள் எங்கே? அந்த வீட்டிலே பெண்ணே பிறக்கவில்லையா? பிறந்திருப்பாள். ஆனால் அவள் வளர்ந்து தாயான பிறகுதான், அதிலும் ஆணைப் பெற்ற தாயான பிறகுதான், பட்டியலிலே இடம் பெறுவாள். இம்மூன்றையும் பாடியோர் பெண்பாற் புலவர்கள் என்பதே நம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்கிறது. கல்வி பெற்ற பெண்டிரும் தம் குரலை ஆண்மைக்கே இரவல் தந்தனர். ஏன்? பெண் பெருமை பெறும் வாயில் அது ஒன்றே திறந்திருந்தது. அத்தாயரின் நெஞ்சுரத்தைப் போற்றலாம். ஆனால் மகன் சாவிலே மகிழ்ந்தால்தான் தாய்க்கு மதிப்பு என்ற ஏற்பாட்டையும் சேர்த்துப் போற்றுவது பகுத்தறிவாகாது. பழந்தமிழ் என்பதற்காக எதற்கும் விலக்குச் சீட்டு எழுதித் தர நாம் யார்?

இனி, கல் பேசட்டும். விழுப்புரம் வட்டாரத்தைச் சுற்றி மூன்று ஊர்கள். மூன்று அரச மகளிர். மூவரும் ஒரே சோழர் குடியைச் சார்ந்தோர். மூவரின் வாழ்வும் மூன்று விதம்.

முதலாவது, தென்பெண்ணைக் கரைத் திருக்கோவலூர். அங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலிலே இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, அவன் தாய் வானவன் மாதேவியைப் பற்றிக் கூறுகிறது. மலையமான் குடியிலே பிறந்து சுந்தர சோழனை மணந்தவர் அவர். 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காஞ்சிப் பொன்மாளிகையிலே மன்னன் மறைந்தான். மாதேவி நெருப்பிலே புகுந்தார். பால் மறவாத மகவைப் பிரிந்தும் கணவனைப் பிரியாத தையல் என்று அக்கல் அவரைப் புகழ்கிறது. அதே கல்வெட்டு கபிலரையும் பாடுகிறது. பாரி இறந்தபின் அவன் மகளை மலையனுக்கு அளித்துவிட்டுத் தீப்புகுந்தார் கபிலர் என்று கூறுகிறது.

ஒரே கல்லிலே இரண்டு தீ! ஒன்று நட்புக்காக ஒரு புலவர் புகுந்த தீ. அதைப் பின்பற்றி, நண்பன் இறந்தால் ஆண்மகன் ஒவ்வொருவனும் தீப்புக வேண்டும் என்று எவரும் விதி எழுதவில்லை. மற்றொன்று கணவனுக்காக ஒரு பெண் புகுந்த தீ. அது பெண்குலத்துக்கே இலக்கணமாயிற்று. ஆண் செய்தால் அது அவன் தனிச்சிறப்பு. பெண் செய்தால் அது அனைத்துப் பெண்டிரின் பொதுக்கடமை. ஏற்றத்தாழ்வு என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமோ?

இரண்டாவது ஊர், திருவக்கரை. இங்கே சந்திரமௌலீசுவரர் கோயில் வளாகத்திலே, சிவலோகம் எனப்பட்ட கற்கோயிலை எழுப்பியவர் செம்பியன் மாதேவி. ஆண்டு 1001, இராசராசனின் 16ஆம் ஆட்சியாண்டு. மழவரையர் குடியிலே பிறந்து, கண்டராதித்த சோழனை மணந்தவர் இவர். 957 அளவில் கணவன் மறைந்தான். மகன் சிறுவன். இவர் தீப்புகவில்லை! அதன்பின் 40 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். செங்கற்கோயில்களைக் கற்கோயில்களாக மாற்றினார். திருக்கோடிகாவலில் பழைய கோயிலைப் பிரித்தபோது, அதிலிருந்த பழங்கல்வெட்டுகளைப் புதிய சுவரிலே படியெடுத்துப் பொறிக்கச் செய்தார். கோயில் கட்டும் செலவிலே நமக்கு மாறுபாடு உண்டு; வரலாற்றைக் காத்த அந்த அறிவிலே மாறுபாடு இல்லை.

மூன்றாவது ஊர், திண்டிவனம் வட்டத்துத் தாதாபுரம். இராசராசபுரம் என்பது அதன் பழம்பெயர். இங்கே சிவனுக்கும் திருமாலுக்கும் சமணர்க்கும் கோயில்கள் எடுப்பித்தார் இராசராசனின் தமக்கை குந்தவை. நெருப்பிலே புகுந்த வானவன் மாதேவியின் மகள் இவர். தஞ்சைப் பெரிய கோயிலிலே தாய்தந்தையர் இருவரின் படிமங்களையும் செய்துவைத்தவரும் இவரே. செல்வமும் செல்வாக்கும் தம் கையிலே கொண்டிருந்த பெண்ணுக்கும், தாயைப் படிமமாக மட்டுமே காண முடிந்தது!

மூன்று ஊர்களையும் சேர்த்துப் பார்க்கும்போது உண்மை ஒன்று பளிச்சிடுகிறது. உடன்கட்டை என்பது தவிர்க்கவொண்ணாத விதியாக இருந்ததெனில், செம்பியன் மாதேவி எப்படி வாழ்ந்தார்? அரச குடியிலேயே, ஒரே நூற்றாண்டிலேயே, ஒருவர் எரிந்தார், ஒருவர் வாழ்ந்தார். ஆகவே அது இயற்கையன்று, வழக்கம். வழக்கம் என்றால் மாற்றத்தக்கது. வாழ்ந்தவரால் 40 ஆண்டுக்காலம் எத்துணை வேலை நடந்தது என்பதற்குத் திருவக்கரைக் கல்லே சான்று. எரிந்தவர் வாழ்ந்திருந்தால் என்னென்ன செய்திருப்பார்? அதைக் கூறக் கல் இல்லை. சாம்பலிலே எழுத்துப் பொறிக்க முடியாதன்றோ!

ஆனாலும் வாழ்ந்தவரின் பெயரைப் பாருங்கள். செம்பியன் மாதேவி என்பது சோழனின் பெருந்தேவி எனப் பொருள்படும் பட்டம். கல்வெட்டுகள் அவரை எப்படிக் குறிக்கின்றன? கண்டராதித்தரின் தேவியார், உத்தம சோழரை வயிற்றிலே தாங்கிய பிராட்டியார். கணவன் பெயரால் ஓர் அடையாளம், மகன் பெயரால் ஓர் அடையாளம். கல்லை மாற்றிய கைகளுக்கும் சொந்தப் பெயரால் நிற்க இடமில்லை. பெண் தந்தைக்கும் கணவனுக்கும் மகனுக்கும் கட்டுப்பட்டவள் என்றான் மனு. அரசியும் அந்த முக்கோணத்துக்கு வெளியே எழுதப்படவில்லை.

அவர்கள் விரும்பித்தானே தீப்புகுந்தார்கள் என்று கேட்போர் உண்டு. பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு அதற்கு விடையளித்திருக்கிறார். தம்மைத் தடுத்த சான்றோரை நோக்கி அவர் பாடியது புறநானூற்றிலே இருக்கிறது. நெய்யில்லாச் சோறும், எள்ளுத் துவையலும், வேளைக்கீரையும் உண்டு, பருக்கைக்கல்லின் மேல் பாயின்றிப் படுக்கும் கைம்பெண்டிரின் வாழ்வை விவரித்து, அத்தகையவள் அல்லேன் யான் என்கிறார். ஒரு பக்கம் நெருப்பு. மறுபக்கம் நெருப்பினும் கொடிய நோன்பு. இரண்டுக்கும் நடுவே நிறுத்திவிட்டு, "அவளே தேர்ந்துகொண்டாள்" என்பது நேர்மையாகுமா? மனைவியை இழந்த ஆணுக்கு வேளைக்கீரை விதித்த நூல் எது? பருக்கைக்கல் பரப்பிய ஊர் எது?

செஞ்சிக்கு வருவோம். சோழர் போயினர், நாயக்கர் போயினர், மராட்டியர், மொகலாயர் என மாறி மாறிக் கொடி பறந்தது. 1714இல் செஞ்சிக் கோட்டையை ஆண்ட தேசிங்கு, ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானுக்குத் திறை கட்ட மறுத்தான். வயது 22. நவாப்பின் பெரும்படையைச் சில நூறு குதிரை வீரரோடு எதிர்த்தான்; வீழ்ந்தான். அவன் இளம் மனைவி சிதையிலே ஏறினாள். அவள் நினைவாக நவாப் அமைத்த ஊரே இராணிப்பேட்டை என்பர். வென்றவன் ஊர் அமைத்தான், தோற்றவன் கதைப்பாடலானான், எரிந்தவளின் பெயர்? ஊர்ப்பெயரிலும் அவள் வெறும் 'இராணி'!

வானவன் மாதேவியிலிருந்து 700 ஆண்டுகளுக்கும் மேல் கடந்தும் காட்சி மாறவில்லை. மதம் பார்த்ததா? குலம் பார்த்ததா? மொழி பார்த்ததா? இல்லை. தேசிங்கு இராசபுத்திரன், வானவன் மாதேவி தமிழ்க்குடி மகள். ஆண்மை இரு நாட்டிலும் ஒரே வரி வசூலித்தது. இன்னொன்றையும் நோக்குக. 22 வயது இளைஞனைக் கொன்றது நவாப்பின் படை மட்டுமா? பணிந்தால் ஆண்பிள்ளை இல்லை என்ற சொல்லும் அன்றோ அவனைக் களத்துக்குத் தள்ளியது! ஆண்மை பெண்ணை எரிக்கிறது. ஆணையும் அது விட்டுவைப்பதில்லை.

உடன்கட்டைக்கு வங்கத்தில் 1829இலும் சென்னை மாநிலத்தில் 1830இலும் சட்டம் தடை விதித்தது. ஆயினும் 1987இல் இராசத்தான் மாநிலம் தேவ்ராலாவில் 18 வயது இளம்பெண் கணவன் சிதையிலே எரிந்தாள். பல்லாயிரவர் திரண்டு அவளைத் தெய்வமாக்கினர். அதன் பிறகே நாடு முழுமைக்கும் புதிய தடைச்சட்டம் வந்தது. சட்டம் நெருப்பை அணைக்கும். எண்ணத்திலே கனன்றிடும் தணலை அணைக்க அறிவுப் பரப்பலே வேண்டும்.

ஆண்மை வீட்டுக்குள் மட்டும் ஆட்சி செய்கிறதா? வீதியிலே அது சாதியோடு கைகோத்து நடக்கிறது. மேல்சாதியான் மீசை முறுக்கினால் மிடுக்கு. ஒடுக்கப்பட்டவன் முறுக்கினால் திமிர்! 2017இல் குசராத்திலே மீசை வைத்ததற்காகத் தாழ்த்தப்பட்ட இளைஞர்கள் தாக்கப்பட்டனர். தமிழகத்துச் சிற்றூர்களிலே தோளிலிருந்த துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டியிருந்ததும், அறுபது வயது உழைப்பாளியைப் பண்ணையார் வீட்டுப் பொடியன் 'அடே' என்று அழைத்ததும் பழங்கதையா? ஒருவனை ஒடுக்க வேண்டுமானால் முதலிலே அவனை 'ஆளல்லாதவன்' ஆக்க வேண்டும் என்பது ஆதிக்கத்தின் சூத்திரம். திருவிதாங்கூரிலே நாடார் குலப் பெண்டிர் தோள்சீலை அணியும் உரிமைக்குப் போராடி, 1859இல்தான் அரசாணை பெற்றனர். அதிலும் மேல்சாதிப் பெண்டிர்போல் அணியலாகாது என்ற கட்டோடு! பெண்ணின் ஆடையைக் கொண்டே அவள் வீட்டு ஆடவனின் தரம் அளக்கப்பட்டது.

இந்தப் படிக்கட்டின் கொடுமை யாதெனில், மேற்படியிலே அடிவாங்கியவன் கீழ்ப்படியிலே திருப்பித் தருகிறான். பண்ணையார் முன் கைகட்டி நின்றவன் வீட்டுக்கு வந்து மனைவி முன் பண்ணையார் ஆகிறான். வெளியே இழந்த ஆண்மையை வீட்டுக்குள் மீட்கிறானாம்! அதனால்தான் சாதி ஒழிப்பையும் பெண் விடுதலையையும் இரு வேறு வேலைகளாகப் பிரிக்க இயலாது. 2016இல் உடுமலைப்பேட்டை நடுவீதியிலே, சாதி கடந்து மணந்த இளைஞன் வெட்டிக் கொல்லப்பட்டதை நாடு கண்டது. மகள் தானே துணை தேடினால் குலத்தின் ஆண்மை போயிற்று என்று எண்ணும் நெஞ்சத்திலேதான் அந்த அரிவாள் தீட்டப்படுகிறது.

உளுந்தூர்ப்பேட்டை அருகே கூவாகம். சித்திரை முழுநிலவிலே கூத்தாண்டவர் திருவிழா. பலியாகப் போகும் அரவானை மணக்க எந்தப் பெண்ணும் முன்வரவில்லையாம். கண்ணனே பெண்ணுருக் கொண்டு மணந்தானாம். திருநங்கையர் அவ்விழாவிலே தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தாலியறுத்து, வளை உடைத்து, வெள்ளாடை உடுத்துகின்றனர். கதை கற்பனை என்பதை நாம் கூறத் தேவையில்லை. ஆனால் அக்கற்பனைக்குள்ளே ஓர் ஒப்புதல் வாக்குமூலம் இருக்கிறது. ஏன் எந்தப் பெண்ணும் வரவில்லை? ஒரு நாள் மணத்துக்கு விலை, வாழ்நாள் கைம்மை! புராணம் கட்டியவனுக்கும் அது தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அவன் கைம்மையை ஒழிக்கவில்லை. கடவுளுக்குச் சேலை கட்டிவிட்டான்.

ஒரு நாள் அரவானின் மணமகளாக வணங்கப்படும் திருநங்கை, மற்ற நாளெல்லாம் பெற்றோர் வீட்டிலிருந்து விரட்டப்படுகிறாள். ஆண்மை திரிந்த பெயரை உயர்திணையிலே வைத்தது தொல்காப்பியம். மக்களாகிய நாமோ அவர்களை அஃறிணையாக நடத்தினோம். பெண், ஆணைப்போல் நிமிர்ந்தால் பல்லைக் கடித்துக்கொண்டேனும் பொறுக்கும் சமுதாயம், ஆணாகக் கருதப்பட்டவர் பெண்ணாக வாழ்ந்தால் பதறுகிறதே, ஏன்? மேல்தட்டை உதறிவிட்டு ஒருவர் தாமே கீழிறங்கினால், அங்கே மேல்தட்டு, கீழ்த்தட்டு இருப்பது அம்பலமாகிவிடுகிறது! 2008இல் தமிழக அரசு திருநங்கையர்க்கு நல வாரியம் கண்டது. 2014இல் உச்ச நீதிமன்றம் அவர்தம் பாலின உரிமையை ஏற்றது. வாயில் திறந்தது, வீடுகள் இன்னும் திறக்க வேண்டும்.

திருவக்கரையிலே காளியும் உண்டு. வக்கிரகாளி என்பது பெயர். முழுநிலா நள்ளிரவிலே சோதி காணப் பெருங்கூட்டம் கூடுகிறது. வக்கிராசுரனைத் திருமால் கொன்றாராம். அவன் தங்கை துன்முகியைக் காளி கொன்றாளாம். துன்முகி கருவுற்றிருந்தமையால் குழந்தையை எடுத்துக் காதணியாக அணிந்தாளாம். ஆணைக் கொல்ல ஆண் கடவுள். பெண்ணைக் கொல்லப் பெண் கடவுள்! வானுலகிலும் தொழில் பிரிவினை! பெண்ணைத் தெய்வமாக வணங்கும் நாடு எங்கள் நாடு என்று மார்தட்டுவோரைக் கேட்கிறோம்: காளிக்குச் சூலம் தந்தீர், மகளுக்குச் சொத்து தந்தீரா? அம்மனுக்குத் தேர் இழுத்தீர். மனைவிக்குத் தன் ஊதியத்தைத் தானே செலவிடும் உரிமை தந்தீரா? தெய்வமாக்குவது எளிது, தெய்வம் பங்கு கேட்பதில்லை.

பங்கு கேட்டது வேறோரிடம். 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்திலே சம உரிமை வேண்டுமெனத் தீர்மானித்தது. 60 ஆண்டுகள் கழித்து, 1989இல், தமிழகத்திலே மகளுக்கும் மகனுக்கு ஒப்பான சொத்துரிமைச் சட்டம் வந்தது. 2005இல் இந்தியா முழுமைக்கும் வந்தது. கோயிலுக்குப் பெண்ணைப் பொட்டுக்கட்டும் கொடுமை 1947இல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்திலும், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மக்கள் மன்றத்திலும் நடத்திய போரின் விளைவு அது. 1967இல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது. கல்லென நினைத்தவை கரைந்த வரலாறு இது.

எனினும் இளைஞர்களே, சட்டப்புத்தகம் நுழையாத இடங்கள் உண்டு. அடுப்படி, படுக்கையறை, பள்ளி வகுப்பறை! அழும் சிறுவனிடம் "நீ ஆம்பளை, அழலாமா?" என்கிறோம், தோற்றவனிடம் "சேலை கட்டிக்கொள்" என்கிறோம். முதற்சொல் அவனிடமிருந்து கண்ணீரைப் பறிக்கிறது. இரண்டாம் சொல் அவன் அன்னையையே இழிசொல்லாக்குகிறது. ஆசிரியர்களாகிய நாம் கரும்பலகையிலே சமத்துவம் எழுதிவிட்டு, வகுப்பைப் பெருக்க மாணவியரை மட்டும் அழைத்தால் எந்தப் பாடம் மனத்திலே நிற்கும்?

மேடையிலே பெண் விடுதலை முழங்கும் தோழர் வீட்டுக்குச் சென்று தட்டைக் கழுவட்டும். சாதி மறுப்பை ஆதரிக்கும் அண்ணன், தங்கை தேர்ந்த துணைவனை வரவேற்கட்டும். துணையை இழந்த தாய் மறுமணம் விரும்பினால் மகன் முன்நின்று நடத்தட்டும். மகளின் பெயரிலும் மனை எழுதப்படட்டும். இவை சிறு செயல்களாகத் தோன்றலாம். ஆனால் செம்பியன் மாதேவி வாழ்ந்த ஒரு வாழ்வே, வழக்கம் என்ற பெரும்பொய்யை ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் உடைக்கப் போதுமானதாயிற்று. ஒவ்வொரு வீட்டிலும் அத்தகைய சான்று ஒன்று எழட்டும். வீரமும் உறுதியும் ஈகையும் ஆணுக்கும் பெண்ணுக்கும் திருநங்கைக்கும் பொதுவாகட்டும். அன்று அவற்றுக்கு ஆண்மை என்று பெயரிட வேண்டிய தேவை இராது; மனிதத்தன்மை என்ற பெயரே போதும்.